முதல் குழாய்க்குள் கேட்ட குரல்

குழாய் என்றால் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குழாயைப் படுக்கப் போட்டால் அதற்குள் ஒரு மாடி வீட்டை நிறுத்தலாம். இந்த வாயில் நிற்பவன் கண்ணுக்கு அந்த வாயில் நிற்பவன் தீக்குச்சி அளவுதான் இருப்பான். இரண்டு வாய்க்கும் மூடி போட்டு, அதை மிதக்க விட்டுக் கடலுக்கு இழுத்துப் போய், நிமிர்த்தி, தரைக்குள் அடித்து இறக்குவார்கள். அதன் தலையில்தான் கரண்ட் எடுக்கிற காற்றாடி நிற்கும். படம் எடுப்பவன் காற்றாடியைத்தான் எடுப்பான். குழாய் தண்ணீருக்குள் போனது போனதுதான்.

துறைமுகம் அதற்கு முன்னால் செத்துக் கிடந்தது. கப்பல் கட்டுகிற தூணில் ஆடு கட்டியிருந்தார்கள். மாநில அரசாங்கம் இந்த வேலையில் இறங்கியபோது நாங்கள் நம்பவில்லை. முதல் இரண்டு வருஷம் கடலில் மிதவை விட்டுக் காற்றை அளந்தார்கள். காற்றை அளக்கச் சம்பளம் கொடுக்கிறான், அடுத்து நிழலை நிறுக்கச் சம்பளம் கொடுப்பான் என்று டீக்கடையில் சிரித்தோம். பிறகு கடலடியைத் தோண்டி ஆழப்படுத்தினார்கள். குழாயின் கனத்துக்குத் தரை இறங்கிவிடக் கூடாதென்று மண்ணுக்குள் தூண் தூணாக இறக்கி அதன்மேல் கான்கிரீட் போட்டார்கள். வருகிற கரண்டை அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் கம்பெனிக்காரன் உள்ளே கால் வைத்தான். அவனுக்கும் ஒரு கட்டளை: குழாயை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, இங்கே செய்ய வேண்டும், இங்கே இருக்கிற ஆளை வைத்துச் செய்ய வேண்டும்.

அப்படித்தான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நானும் மச்சானும் உள்ளே போனோம். மச்சான் என் வீட்டுக்காரியின் தம்பி. பெரிய கொட்டகை போட்டு வெல்டிங், பெயிண்டிங், கயிறு கட்டுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரியாதவனுக்கு கேட் பாஸ் கிடையாது. அதனால் நரைத்த மீசைகளுக்கு அ, ஆவும் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தட்டுத் தடுமாறாமல் வாசித்த முதல் வரி, 'உள்ளே ஆள் உண்டா என்று பார்த்த பின் மூடவும்.'

பலகையில் பார்த்த பின் என்றிருந்தது. அவ்வளவு தூரம் யார் நடப்பது? நாங்கள் கேட்ட பின் மூடினோம். மூடி மாட்டுகிற குழுவுக்கு மச்சான்தான் தலை. வாயில் நின்று, "உள்ள யாரு?" என்று ஒரு சத்தம் போடுவான். உள்ளே இருக்கிறவன் பதில் கொடுப்பான். பயிற்சியிலும், சின்னக் குழாய்களிலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பெரிய குழாய் தயாரானது. மறுநாள் அமைச்சர் வந்து அதைக் கடலுக்கு அனுப்பி வைக்க வேண்டும். குழாய் செய்கிற யார்டு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் மேடை, ஒரு பக்கம் பந்தல், நடுவில் மைக் டெஸ்ட் பண்ணுகிறவன் 'ஹலோ, ஹலோ' என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க ஆளில்லை.

குழாய்க்குள் கடைசியாக பெயிண்ட் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் ஏணி. ஆள் அத்தனை உயரம். மற்றவன் ஏணி வைத்து எட்டுகிற இடத்துக்கு இவன் கையை நீட்டினால் பிரஷ் போகும், அதனால் அந்தப் பேர். அந்தப் பக்கத்து வாயில் மூடி ஏறிவிட்டது. அதில் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு மட்டும் திறந்திருந்தது. இந்தப் பக்கம் மச்சான் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் கிரேன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது முடியும் என்றிருந்தது.

"உள்ள யாரு?" என்றான் மச்சான்.

"வர்றேன்" என்று குரல் வந்தது.

எனக்கும் கேட்டது. மைக் சத்தத்துக்கு நடுவில், தெளிவாக. மச்சான் கொஞ்ச நேரம் நின்றான். யாரும் வரவில்லை. ஏணி அந்தப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியேறிவிட்டான், போகிறபோது சொல்லிக்கொண்டு போகிறான் என்று எடுத்துக்கொண்டோம். நம்மில் யார் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்கிறோம்? வாசலைத் தாண்டுகிறவன் வாயில் வருவதும் 'வர்றேன்'தான். கூப்பிட்டால் எழுந்து வருகிறவன் வாயில் வருவதும் அதே 'வர்றேன்'தான். மச்சான் கையைக் காட்டினான். மூடி ஏறியது. அந்தப் பக்கத்துக்காரர்கள் சின்னக் கதவையும் அடைத்துப் போல்ட்டு முறுக்கினார்கள்.

சாயங்காலம் ஏணியின் வீட்டுக்காரி கேட்டுக்கு வந்தாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை செய்கிறவள், கை வெளுத்திருக்கும். "அவரு இன்னும் வரலியே அண்ணே, ஓவர்டைமா?" என்றாள். மச்சான் சிரித்துக்கொண்டே, "அவன் அப்பவே கிளம்பிட்டானே தங்கச்சி" என்றான். எதற்கும் பார்ப்போம் என்று துணி மாற்றுகிற அறைக்குப் போனோம். ஏணியின் செருப்பு அங்கே இருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது.

மச்சான் சட்டையைப் பார்த்தபடி நின்றான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"மாமா, அவன் சொன்னது எந்த வர்றேன்? போயிட்டு வர்றேனா, இல்ல, இருய்யா வர்றேனா?"

இருவரும் ஓடினோம்.

ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டான். "மூடியக் கழட்டினா திரும்ப மாட்ட ஒரு பொழுதாகும்யா. கடல் அமைதியா இருக்கப்போறதே நாளைக்கு மட்டும்தான். காத்துக்காகத் தொழில் ஆரம்பிச்சிட்டு, காத்து அடங்கறதுக்காக எத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தோம், தெரியுமில்ல?"

"உள்ள ஆள் இருந்தா?"

"இருந்தா தட்டுவான்ல? காது வச்சுப் பாரு."

மச்சான் காது வைத்துப் பார்த்தான். நானும் வைத்தேன். உள்ளே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சங்கில் கேட்குமே, அது மாதிரி. தட்டல் இல்லை.

துறைமுகத்தைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க அதிகாரி ஒரு பெண்மணி. மேடைக்கு நாற்காலி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் நேராக அவரிடம் போய் நின்றான். பேசினான் என்று சொல்ல முடியாது, உளறினான். அவர் முழுக்கக் கேட்டார்.

"நீங்க காதால கேட்டீங்களா?" என்று என்னைப் பார்த்தார்.

"கேட்டேன் மேடம்."

"கழட்டுங்க" என்றார் ஃபோர்மேனிடம்.

"மேடம், அமைச்சர் காலையில…"

"அமைச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன். இது முதல் குழாய். இதுக்குள்ள ஆள் இருக்கான்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா, அடுத்த குழாய்க்குள்ள ஒருத்தன் இறங்க மாட்டான். அப்புறம் இத்தனை வருஷம் கட்டினதெல்லாம் எதுக்கு?"

விளக்கு போட்டுக் கழற்றினார்கள். மூடி விலகினதும் பெயிண்ட் வாடை முகத்தில் அடித்தது. மச்சான்தான் முதலில் ஓடினான். குழாய்க்குள் ஓடினால் ஒருவன் ஓடுவது நாலு பேர் ஓடுவது மாதிரி கேட்கும். அந்த வாய் வரைக்கும் போனோம். காய்ந்த பெயிண்ட், சுத்தமான தரை. ஆள் இல்லை. பிரஷ் இல்லை, டப்பா இல்லை. ஏணி இருந்த அடையாளமே இல்லை.

"பார்த்தியா? எங்கயாவது சாத்தி வச்சிருப்பாங்க, ஏணிதானே" என்றான் ஃபோர்மேன். நாலு பேர் சிரித்தார்கள். மச்சானும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

போலீஸ் வந்தது. தண்ணீருக்குள் ஆள் இறக்கித் துறைமுகம் முழுக்கத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நல்லவேளை, கடல் இன்னொரு நாளும் அமைதியாக இருந்தது, ஒரு நாள் பிந்தி விழா நடந்தது. அமைச்சர் பச்சைக் கொடி காட்டினார், குழாய் திமிங்கிலம் மாதிரி மிதந்து போனது. ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. கேட் திறந்து கிடந்தது, ஏணி பூட்ஸோடு நடந்து போய்விட்டான். எவளோடோ, எங்கேயோ. சொல்லிக்கொண்டுதானே போயிருக்கிறான், 'வர்றேன்' என்று.

பிழைத்தோம் என்று நான் நினைத்தேன். மச்சான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் வீடும் அவன் வீடும் ஒரே சுவர்தான். காலையில் குழாயைத் திறந்தால், நான் சொல்வது தண்ணீர்க் குழாய், தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று இரையுமே, அந்த இரைச்சலுக்கு அவன் வெளியே வந்து நிற்பான். சாப்பிடக் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டான், தட்டு முன்னால் வந்து உட்காருவான். கிளம்பும்போதும் வாய் திறக்க மாட்டான்.

"டேய், சொல்லிட்டுப் போடா. இதென்ன பழக்கம், எழவு வீட்டுலருந்து கிளம்புற மாதிரி எந்திரிச்சுப் போறே?" என்று என் வீட்டுக்காரி கத்துவாள்.

"என்ன சொல்லச் சொல்ற அக்கா?"

"வர்றேன்னு சொல்லு."

அவன் வெளிறிப் போவான். அவளுக்கும் சொன்ன பிறகுதான் உறைக்கும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் யாருமே அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்றானது. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாவது குழாய் முடிகிற சமயத்தில், ஒரு சாயங்காலம், ஏணியின் வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி டீ போட்டுக் கொடுத்தாள். அவள் தொடவில்லை. மச்சானைப் பார்த்தே பேசினாள்.

"அண்ணே, உங்கமேல பழி போட வரலை. எனக்கு ஒண்ணு தெரியணும். சலவையில எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. புருசன் சொல்லிக்கிட்டே ஓடிட்டான்னு சொல்றாங்க. அவரு என்னை விட்டுட்டுப் போனாரா, இல்லையா? அது தெரிஞ்சா போதும். தெரியாம நான் அழவும் முடியலை, ஆத்திரப்படவும் முடியலை."

"நான் என்ன தங்கச்சி சொல்ல முடியும்? அவன் வார்த்தை ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

"அதைத்தான் கேக்க வந்தேன். எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க. எனக்குத் தெரியும், அவரு தொண்டையில எது கிளம்புற சத்தம், எது வர்ற சத்தம்னு."

"வேணாம்மா" என்றாள் என் வீட்டுக்காரி.

"சொல்லட்டும்க்கா."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவன் வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. அவன் குரல் இல்லை. தள்ளி எங்கேயோ இருந்து, அவசரமில்லாமல், கொஞ்சம் கரகரப்பாக.

"வர்றேன்."

அன்றைக்கு நான் கேட்டது அதேதான், அச்சு அசல்.

ஏணியின் வீட்டுக்காரி முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவள் முதல்முறையாக டீ டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"இது அவரு இல்லண்ணே" என்றாள்.

"என்ன?"

"அவரு குரலே இல்ல. அதோட, இந்த வார்த்தையே அவரு சொல்ல மாட்டாரு. கட்டிக்கிட்டு வந்ததிலருந்து நான் கேட்டதில்ல. கூப்பிட்டா 'ஓ'ன்னுவாரு. கிளம்பினா என் தலையில ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவாரு. அவங்க அப்பா கடலுக்குப் போறப்ப வாசல்ல நின்னு அப்படிச் சொல்லிட்டுப் போனவரு, வரவே இல்லை. அதுலருந்து இந்த வார்த்தை இவருக்கு ஆகாது."

நான் யோசித்துப் பார்த்தேன். நாலு மாதம் என்னோடு வேலை செய்தவன். ஷிப்ட் முடிந்தால் தோளில் ஓர் அடி அடித்துவிட்டுப் போவான். ஒரு நாளும் அவன் 'வர்றேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அடி வாங்கின தோள் இது, எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

"அப்ப, அவரு சொல்லிக்கிட்டுப் போகலை" என்றாள் அவள். "எனக்கு அது போதும். என்ன ஆச்சோ ஏதாச்சோ, என்னை விட்டுட்டுப் போகணும்னு போகலை." அழ ஆரம்பித்தாள். வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது. என் வீட்டுக்காரி அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் கேட்டான், யாரையும் பார்க்காமல்: "அப்ப உள்ள யாரு?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் இறக்கவில்லை.

மறுநாள் இரண்டாவது குழாய்க்கு மூடி. இந்த முறை மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. மூன்றாவது குழாய்க்குத் தகடு வளைக்கிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. மச்சான் குழாய் வாயில் நின்றான். பழக்கத்தில் கையைக் குவித்து வாய்கிட்டே கொண்டு போனான். பிறகு இறக்கிவிட்டான். டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது. கடுகளவு ஆனது. பிறகு அதுவும் தெரியவில்லை. நாங்கள் நின்றோம். இந்நேரம் போய்த் திரும்பிவிட்டிருக்க வேண்டும், திரும்பவில்லை.

ஃபோர்மேன் வந்தான். "என்னய்யா, மச்சான் உள்ள குடித்தனம் பண்ணப் போயிட்டானா? நேரமாகுது. ஒரு சத்தம் குடு."

நான் இரண்டு கையையும் வாய்கிட்டே குவித்தேன். உள்ளே இருப்பது மச்சான் ஒருவன்தான். கூப்பிட்டால் ஒரு பதில் வரும். இரண்டு வந்தால்?

"கூப்பிடுய்யா!"

நான் கையை இறக்கினேன். ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்தேன். காலடிச் சத்தம் எனக்கு முன்னால் ஓடியது.

"ஏய், நீ எங்கய்யா கிளம்பிட்டே?" என்று பின்னாலிருந்து ஃபோர்மேன் கத்தினான்.

பதில் சொல்ல என் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொல்லாமல் நடந்தேன்.