அசையாத நாற்பத்தொன்பது

மூன்றாவது முறை போன் செய்தபோதும் அப்பா நாற்பத்தொன்பது என்றுதான் சொன்னார். அதற்கு மேல் எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

அன்று கம்பத்தில் என் அக்கா ஜோமோளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். காலையில் கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிறேன். சாமியார் சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்கிறார். நானோ ஆனைக்கரையில் அடுப்பு எப்படி எரிகிறதோ என்ற நினைப்பில் நிற்கிறேன். அக்கா முழங்கையால் இடித்த பிறகுதான் விட்டுவிடுகிறேன் என்றேன். சாத்தானே சிரித்திருப்பான்.

மலைக்கு மேலே ஆனைக்கரையில் எங்களுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் அறை, அதற்குள் அடுக்கடுக்காக வலைத் தட்டுகள், தரையோரம் ஓடும் தகரக் குழாய்கள், வெளிச்சுவரில் விறகு அடுப்பு. சொந்தமாக ஸ்டோர் இல்லாதவர்கள் பச்சைக்காயைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாங்கள் ஒரு ராத்திரியும் பகலும் உலர்த்திக் கொடுப்போம். சூடு ஐம்பது டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடினால் போதும், காய் நிறம் வெளுத்து வாய் பிளந்துவிடும். அப்புறம் அதை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

சூட்டைக் காட்டும் முள் அந்த அறைக்குள்ளேதான் இருக்கிறது. குழாய்களில் எங்கெங்கோ ஓட்டை, அறை முழுக்கப் புகை. என் அப்பா மத்தியாஸ் ஆயுசில் பாதியை அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய் முள்ளைப் பார்த்துவிட்டு வருவதிலேயே கழித்தவர். நெஞ்சு கெட்டுப்போய்விட்டது. இந்த வருடம் டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார், இனி அந்த அறைக்குள் கால் வைத்தால் என்னிடம் வராதே, நேராகப் பாதிரியாரிடம் போ என்று. வெளியே நின்று அடுப்பில் விறகு தள்ளலாம், அங்கே காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே மட்டும் கூடாது.

அதற்காகத்தான் நான் அந்த சாஃப்ட்வேரை எழுதினேன். எனக்காகவோ வேலைக்காகவோ இல்லை, அந்தக் கதவை அப்பா திறக்கக் கூடாது என்பதற்காக.

சாஃப்ட்வேர் என்றதும் பயப்பட வேண்டாம். திரையில் ஒரு ஜன்னல், அதில் பெரிதாக ஓர் எண், அவ்வளவுதான். அறைக்குள் சூடு அளக்கும் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒயர் இழுத்து முன்னறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் சொருகியிருந்தேன். பி.சி.ஏ. படித்தவள்தான். ஆனால் காலேஜில் மூன்று வருடமும் பட்டனை அமுக்கினால் வணக்கம் சொல்லும் ஜன்னல்தான் போடச் சொன்னார்கள். அந்த வணக்கத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் உலர்த்த முடியுமா?

முதல் நாளே ஜன்னல் வெளிறிப்போய் உறைந்து நின்றது. கம்பியிடம் எண்ணைக் கேட்டுக் காத்திருக்கும் வேலையையும் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் புரோகிராமுக்குள் ஒரே ஆளிடம் கொடுத்திருந்தேன். பால் பொங்குகிறதா என்று அடுப்படியில் நிற்கிறவள் வாசலில் கூப்பிடுகிறவருக்கு எப்படிப் பதில் சொல்வாள்? சரி என்று வேலையை இரண்டாகப் பிரித்தேன். இப்போது எண்ணை வாங்கி வந்தவன் நேராகப் போய் ஜன்னலில் எழுதப் பார்த்தான், புரோகிராம் குப்புற விழுந்தது. ஜன்னலைத் திறந்தவன் மட்டும்தான் அதைத் தொடலாம், மற்றவன் அவன் கையில் கொடுத்துத்தான் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். அது புரிவதற்குள் கீபோர்டை இரண்டு தடவை குத்திவிட்டேன்.

அப்புறம் வந்தது பிழைச் செய்தி. எண் வருவது கொஞ்சம் தடைப்பட்டாலும் ஒரு பெட்டி எழும்பும். அதை மூடுவதற்குள் அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. எண்ணே தெரியாது. மூடி மூடி மனிதனுக்கு எரிச்சலாக வருகிறது, இந்தப் பெட்டியை ஒழித்துவிடு என்றார் அப்பா. எனக்கு அவரைவிட எரிச்சல். பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமே எழுதாமல் அடைப்புக்குறி இரண்டையும் மூடிவிட்டேன். பெட்டிகள் போன இடம் தெரியவில்லை. அப்பாவுக்குச் சந்தோஷம், எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. ஞாயிறு காலை நான் கம்பத்துக்குக் கிளம்பும்போது, ஜன்னலை மூடக் கூடாது, எதையும் தொடக் கூடாது, எண்ணை மட்டும் பாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பூசை முடிந்ததும் போன் செய்தேன். திரையில் எவ்வளவு என்று கேட்டேன். நாற்பத்தொன்பது. அடடா என்று இருந்தது. அக்காவின் புகுந்த வீட்டுக்கு நடந்து வரும்போது மறுபடியும் கேட்டேன். நாற்பத்தொன்பது. அப்போதே உள்ளுக்குள் ஏதோ அரித்தது, பந்தலில் வந்தவர்களை உட்காரவைக்கும் வேலையில் அதை ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது முறை இலை போட்ட பிறகு கேட்டேன்.

"அதேதான். நாப்பத்தொம்பது. நீ நிம்மதியா சாப்பிடு," என்றார்.

விறகுத் தீ அப்படி நிற்கவே நிற்காது. கட்டை பிடித்துக்கொண்டால் ஐம்பத்திரண்டுக்கு ஏறும், கங்கு அடங்கினால் நாற்பத்தாறுக்கு இறங்கும். அரை நாளாக ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் அது சூடு இல்லை. எங்கேயோ எண் வருவது நின்றுபோயிருக்கிறது. பிழை வந்திருக்கிறது, நான் அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறேன். கடைசியாக வந்த எண் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் திரையில் உட்கார்ந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

அடுப்பில் அப்பா எந்த எண்ணைப் பார்த்து விறகு தள்ளிக்கொண்டிருக்கிறார்? உள்ளே கிடப்பது சுருளியம்மாளின் காய். எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவள். போன கோடையில் செடியெல்லாம் கருகி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய மிச்சத்தில் இதுதான் முதல் பறிப்பு.

உள்ளே போய் முள்ளைப் பாருங்கள் என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் சொல்ல முடியாது. அதைச் சொல்லாமல் இருக்கத்தானே இத்தனை பாடு. எண் நின்றுவிட்டது என்றாலே போதும், அவராகவே கதவைத் திறந்துவிடுவார். சுருளியம்மாளுக்கு அடித்துப் பார்த்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. தோட்டத்துக்குள் இருப்பாள், அங்கே எந்த டவரும் எட்டாது.

எழுந்துவிட்டேன். ஞானத்தாய் கேக் வெட்டும் முன்னால் போகிறாளே என்று புகுந்த வீட்டு ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். அக்கா வாசல்வரை ஓடிவந்து, உனக்கு என்னதான்டி ஆச்சு என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் நாற்பத்தொன்பது காட்டுகிறது என்றேன். நல்லதுதானே என்றாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் கிடைக்கவில்லை. மேலே போகிற ஜீப் ஒன்றில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்து, எதிரே வருகிற வண்டிக்கு வழி விட்டு, நின்று, பேசி, நகர்ந்தான். என்ன பேச்சு வேண்டியிருக்கிறது இவர்களுக்கு! கேரள எல்லையில் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் மூட்டைகளை இறக்கிக் காட்டச் சொன்னார்கள். இறங்கி நடந்தே போய்விடலாமா என்று இருந்தது. போனை எடுப்பேன், அப்பா பெயரைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். பேசினால் வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

ஸ்டோருக்கு முன்னால் ஜீப் முழுதாக நிற்பதற்குள் குதித்தேன். முன்னறையில் யாரும் இல்லை. திரையில் பச்சை எழுத்தில் நாற்பத்தொன்பது. கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் ஓடினேன். நான் போவதற்கும் அந்த அறையின் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து அப்பா வந்தார். மூக்கையும் வாயையும் சுற்றி ஈரத்துண்டு, கண் இரண்டும் சிவப்பு. என்னைப் பார்த்ததும் முதல் வேலையாகத் துண்டை அவிழ்த்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஏளா, நீ ஏன் வந்த?"

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். முள் ஐம்பத்தொன்றில் நின்றது. தட்டுகளில் காய் கிளிப்பச்சை நிறத்தில் கிடந்தது, ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். எத்தனை தடவை உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். எண் நின்றுபோனது எப்போது தெரியும் என்றேன். நான் பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்திலேயே தெரியுமாம். அடுப்பில் பெரிய கட்டையைத் தள்ளியும் எண் நகராததைப் பார்த்தவுடனே துண்டை நனைத்துக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தாராம்.

"அப்ப போன்ல ஏன் சொல்லல?"

"ஸ்கிரீன்ல எவ்வளவுன்னுதான் நீ கேட்ட. இருந்தத சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சேர்த்தார், "சொல்லியிருந்தா நீ பாதிப் பூசையில ஓடி வந்திருப்ப. பிள்ளைய யாரு ஏந்துவா?"

அவரைக் கட்டிக்கொள்வதா கத்துவதா என்று தெரியவில்லை. முன்னறைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அப்பா தன் போனுக்கு சார்ஜ் போடப் பக்கத்து ஓட்டையில் ஒயரைச் சொருகியிருக்கிறார், அது இடித்ததில் சூட்டுக் கம்பி ஒயரின் முனை நகத்தளவு வெளியே வந்திருந்தது. விரலால் தள்ளினேன். எண்ணைக் கேட்கும் வேலை மறுபடி கேட்டது, திரை ஐம்பத்தொன்று என்றது. அவ்வளவுதான் வேலை. ஒயர் கழன்றுவிட்டது என்று ஒரே ஒரு பெட்டி வந்திருந்தால் அப்பாவே அதைத் தள்ளியிருப்பார். அந்த நகத்தளவு இடைவெளிக்காக மனிதர் பகல் முழுக்கப் புகையைக் குடித்திருக்கிறார். பெட்டி வரவில்லை, நான் வரவிடவில்லை.

உட்கார்ந்தேன். காலியாக விட்ட அந்த இடத்தில் இப்போது எழுதினேன். எண் வராவிட்டால் பழைய எண் அந்த நொடியே மறைய வேண்டும், ஜன்னல் முழுக்கச் சிவக்க வேண்டும், என்ன கழன்றது என்று தமிழில் ஒரே ஒரு வரி வர வேண்டும், ஸ்பீக்கர் ஊரே கேட்கும்படி அலற வேண்டும். அவசரத்தில் இரண்டு தடவை அரைப்புள்ளியை விட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன், கம்ப்யூட்டரிடம்தான். பின்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூச்சு ஏறி இறங்குவது திரும்பிப் பார்க்காமலே கேட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

காலையிலிருந்து போனில் கேட்ட அதே குரல்.

சுருளியம்மாள் தோட்டத்திலிருந்து நேராகக் காயைப் பார்க்க வந்தாள். நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஓடிப்போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் ஒயரைப் பிடுங்கினேன். ஜன்னல் சிவந்து ஸ்பீக்கர் அலறியதில் அவள் ஆத்தாடி என்று எழுந்து நின்றாள். அப்பா காதைப் பொத்திக்கொண்டு, சத்தத்தைக் குறை, அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்றார். குறைக்கவில்லை. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீங்களும் இப்படிக் கத்தணும்ப்பா. எனக்காக நல்லாருக்கேன்னு சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஒயரைத் திரும்பச் சொருகினேன், சத்தம் நின்றது. அவருடைய மூச்சின் இரைச்சல் மட்டும் அறையில் இருந்தது. அவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"மூச்சு முட்டுது ஜிஷா. காலைலேர்ந்தே. என்னால முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

என் வாழ்நாளில் அவர் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, காய் உலர இன்னும் நேரம் இருந்தது. நான் சுருளியம்மாளைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எண் எதற்குக் கீழே போனால் விறகு தள்ள வேண்டும், அலறினால் எந்த ஒயர் முனையை அழுத்த வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் கட்டையை வெளியே இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து போட வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நிறம் போனாலும் போகும் என்றும் சொன்னேன். அவளுக்கு இருந்ததே அந்தக் காய்தான்.

"நீ போ தாயி," என்றாள். "காயி அடுத்த பறிப்புக்கும் வரும். அண்ணனப் பாரு."

நான் வந்த ஜீப் மூட்டைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பி வந்தது, கை காட்டி நிறுத்தினேன். அதிலேயே அப்பாவை ஏற்றி முன்சீட்டில் என்னோடு சேர்த்து உட்காரவைத்தேன். டிரைவர் இந்தத் தடவை யாரிடமும் பேச நிற்கவில்லை. அப்பா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் வலிக்கிறது என்று சொன்னார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார், நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.