வேலிக்காத்தானும் இரண்டு விசிலும்

அமுதத்தின் வீட்டுக் கொல்லை முடிகிற இடத்தில் பூமியே முடிந்துவிடும். அதற்கப்பால் சங்கராபரணி ஆற்றை நோக்கிச் செங்குத்தாக ஒரு சரிவு. டேப் வைத்து அளந்தால் முப்பது அடிதான். ஆனால் அதில் மண்டிக்கிடந்த வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள்ளைப் பார்த்தவர் எவரும் முந்நூறுக்குக் குறைத்துச் சொன்னதில்லை. உறுவையாறு கிராமத்துக் காற்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு அந்தச் சரிவுக்கு வந்தால், நுழைய வழியில்லாமல் வந்த வழியே திரும்பிவிடும். ஒரு முறை அமுதத்தின் கோழி ஒன்று உள்ளே போனது. ஒரு வருஷம் கழித்துப் பேரன் பேத்திகளோடு வெளியே வந்தது. முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி நீளம். வேலிக்காத்தானுக்குக் கீழே உண்ணிச்செடி, உண்ணிச்செடிக்குக் கீழே பார்த்தீனியம். அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்பது உலகத்திலேயே அமுதத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கே ஒரு எல்லைக்கல் இருந்தது.

நிலம் அவளுடைய அம்மா தாயாரம்மாள் அவளுக்கென்று எழுதிவைத்தது. மேலே இருந்த இரண்டு கற்களும் ரோடு போட்டபோது தாரோடு தாராகப் போய்விட்டன. மிச்சம் கீழே இருக்கும் அந்த ஒரு கல்தான். அதன் தலையில் ஒரு வழவழப்பான பள்ளம் இருக்கும். அமுதத்தின் அப்பா தினமும் அருவாள் தீட்டித் தீட்டித் தேய்ந்த பள்ளம். அதை அவள் பார்த்துப் பதினான்கு வருஷம் ஆகிறது.

இப்போது பக்கத்து மனையை வாங்கிய எழிலரசன் கொல்லைக்குக் குறுக்கே சிமெண்ட் கம்பங்களை நட்டுவிட்டார். "அம்மா, கம்பத்துக்கு இந்தாண்டதான் உங்களுது. அந்தச் சரிவு என் மனையோட சேர்ந்தது. இல்லன்னா கல்லக் காட்டுங்க, இப்பவே புடுங்கிக்கிறேன்" என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அந்த முள்ளுக்குள் போய் யாரும் கல்லைக் காட்டப்போவதில்லை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்திருந்தார், அவ்வளவுதான்.

நிலத்தை அளக்கச் சொல்லி அமுதம் மனுப் போட்டாள். சர்வேயர் புகழேந்தி போனில் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணி. கல் கண்ணுக்குத் தெரிந்தால் அளப்பார். தெரியாவிட்டால் 'கல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கம்பம் நின்றது நின்றதுதான்.

"மூணு நாள் இருக்குது. மூணு நாள்ல நான் ஆத்தையே திருப்பிவுட்டுடுவேன்" என்றார் அவள் கணவர் சுப்பராயலு.

அமுதம் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

சுப்பராயலு முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆன அன்றைக்கு எல்லாவற்றையும் டிப்போவில் ஒப்படைத்தவர், விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. அது அவர் கழுத்திலேயே தொங்கும். வீட்டில் ஒரு விசில் அடித்தால் காபி வேண்டும் என்று அர்த்தம். இரண்டு அடித்தால் குடித்தாயிற்று, டம்ளரை எடுத்துப் போகலாம்.

போன வருஷம் இதே சரிவைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பியவரும் அவர்தான். ஏம்பலம் பக்கத்திலிருந்து நூற்றிருபது ஆடுகளை ஓட்டிவந்து கிடை போட்டார். "செடிய ஆடு தின்னும், புழுக்கை எருவாவும், ஒரே டிக்கெட்டுல ரெண்டு ஊரு" என்றார். வேலிக்காத்தான் காயை ஆடு தின்றால் கொட்டை வயிற்றுக்குள் சாகாது, வெளியே வந்து இன்னும் வீரியமாக முளைக்கும் என்று அமுதம் தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? ஆடுகள் இலையைத் தொடவில்லை. காயை மட்டும் கல்யாண விருந்து மாதிரி தின்றுவிட்டு, சரிவு முழுக்கக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போயின. அடுத்த மழைக்கு நூறு மரம் இருந்த இடத்தில் லட்சம் கன்று. சின்னச்சின்ன முள்ளோடு பால்வாடிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஊரில் அதற்கு 'கண்டக்டர் தோப்பு' என்று பெயரே விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு ஜேசிபி வந்தது. ஓட்டுநர் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தார். "இதுல எறக்குனா வண்டியும் நானும் நேரா ஆத்துலதான் நிப்போம்" என்றார். டீ குடித்தார். போய்விட்டார்.

செவ்வாய் விடிந்ததும் முள் வெட்டுகிற செங்கமலம் வந்தாள். கூட ஐந்து பெண்கள், ஆறு கொடுவாள், நான்கு தொரட்டி. செங்கமலம் இடுப்பில் கைவைத்துச் சரிவை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாமியார்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"நேரா கீழ வெட்டிக்கினே போலாம் செங்கமலம், ஒரே ரூட்டு" என்றார் சுப்பராயலு.

"கண்டக்டரே, நேரா வெட்டுனா நீங்க வழுக்கிக்கினு போவ வசதியா இருக்கும். மழை வந்தா மண்ணும் அதே ரூட்டுல போவும். நாங்க குறுக்கால வெட்டுறோம்."

அதுதான் அவள் வழி. சரிவுக்குக் குறுக்கே ஒரு வரிசை வெட்டி முடித்த பிறகுதான் அதற்குக் கீழ் வரிசை. மரத்தை வேரோடு பிடுங்காமல் முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக விட்டுவிடுவாள். அந்தக் கட்டைதான் கால் வைக்கப் படி, கை பிடிக்கப் பிடி, மண்ணுக்கும் அணை. மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் நட்டு, அது வேர்விட்ட பிறகு ஒவ்வொரு வரிசையாகக் கட்டையைத் தோண்டி எடுத்தால் போதும். வெட்டிய முள்ளைத் தொரட்டியால் கீழே தள்ளினார்கள். அமுதமும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவளுடைய அறுபது வயது அன்றைக்கு முப்பதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் முப்பத்தைந்து என்று வேண்டுமானால் சொல்லலாம்.

புதன் பொழுது சாயும்போது முக்கால் சரிவு மொட்டையாகிவிட்டது. கீழே ஒரே ஒரு பெரிய அடிமரம் மட்டும் பாக்கி. நான்கு ஆள் கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காது என்று சுப்பராயலு சொன்னார். இரண்டு ஆளுக்கு அடங்கும். அதைச் சுற்றி, இரண்டு நாள் மேலிருந்து தள்ளிய முள்ளெல்லாம் உண்ணிக்கொடியோடு பின்னிக்கொண்டு வைக்கோல் போர் மாதிரி குவிந்து கிடந்தது.

"கல்லு அந்த மரத்தாண்டதான் இருக்குது" என்றாள் அமுதம். "இருக்கணும்."

"வுடு, காலையில பிரிட்டோ டிராக்டரோட வரான். மரத்த இழுத்துடலாம்" என்றார் சுப்பராயலு.

பிரிட்டோ வேறு யாருமில்லை. சுப்பராயலு கண்டக்டராக இருந்த பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய டிரைவர். பாகூர் வழியில் அந்த இருவரும் அடித்த டிரிப்பைக் கூட்டினால் நிலாவுக்குப் போய் மிச்சக் காசுக்கு டீ குடித்துவிட்டு வரலாம். வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு டிராக்டரைக் கொல்லையில் ஆற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். அங்கிருந்து சரிவு அவருக்குத் தெரியாது.

"உன்ன நான் எப்பய்யா பார்த்தேன்? இருபத்திரண்டு வருஷமா கேட்டுக்கினுதானே ஓட்டுனேன். ஒத்த விசிலுன்னா நிறுத்துவேன், டபுளுன்னா போவேன்" என்றார் பிரிட்டோ.

சுப்பராயலு கயிற்றின் ஒரு முனையை டிராக்டர் கொக்கியில் மாட்டினார். மறுமுனையை, இறங்கும்போது வழுக்காமலிருக்கத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். கீழே போனதும் அவிழ்த்து மரத்தில் கட்டுவது, ஒதுங்கி நிற்பது, இரண்டு விசில். அதுதான் திட்டம். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டைப் படிகளில் கால் வைத்து இறங்கினார். பின்னாலேயே கொடுவாளோடு அமுதம், அவளுக்குப் பின்னால் செங்கமலமும் பெண்களும்.

அதே நேரம் மேலே சர்வேயர் புகழேந்தி டேப்போடும் வரைபடத்தோடும் வந்து சேர்ந்தார். பக்கத்தில் எழிலரசன், கூலிங் கிளாஸோடு.

சுப்பராயலு முள்குவியலுக்குள் இடுப்பளவு இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டார். கயிற்று முடிச்சில் கை வைத்தார். அந்த வினாடியில் குவியலுக்குள்ளிருந்து ஒரு உடும்பு கிளம்பியது. முதலைக்குச் சின்ன தம்பி என்று சொல்லலாம். சத்தியமாக அவ்வளவு பெரிது. அது சுப்பராயலுவின் பாதத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஆற்றைப் பார்த்து ஓடியது.

அவர் 'ஐயோ ஐயோ' என்றுதான் கத்தினார். ஆனால் வாயில் விசில் இருந்தது.

பீப் பீப்!

மேலே பிரிட்டோ யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை. கியரைப் போட்டார். டிராக்டர் கிளம்பியது. சுப்பராயலுவும் கிளம்பினார்.

"நிறுத்துடா, நிறுத்துடா" என்று அவர் அலறியதெல்லாம் 'பீப் பீப், பீப் பீப்' என்றே வெளியே வந்தது. "இன்னிக்கு இன்னா கண்டக்டர் இவ்ளோ அவசரப்படறான், வண்டி லேட்டா?" என்று பிரிட்டோ இன்னும் கொஞ்சம் மிதித்தார். சுப்பராயலு மட்டும் போகவில்லை. உண்ணிக்கொடி அவர் காலிலும் கையிலும் சுற்றிக்கொண்டதால், இரண்டு நாள் முள்குவியலும் கல்யாண ஊர்வலம் மாதிரி அவர் பின்னாலேயே ஏறியது. பெண்கள் இரண்டு பக்கமும் தாவினார்கள். பாதி வழியில் ஒரு கட்டை இடித்து, கழுத்து நாடா அறுந்து, விசில் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, சரிவில் உருண்டு, அமுதத்தின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் எடுத்தாள். மண்ணைத் துடைக்கக்கூட இல்லை. மார்பு நிறைய மூச்சை இழுத்தாள்.

பீ...ப்!

ஒன்றே ஒன்று. ஆற்றின் அக்கரை வரை கேட்டது. பிரிட்டோவின் கால் தானாகவே பிரேக்கில் இறங்கியது. சுப்பராயலு சரிவின் விளிம்பில், சர்வேயரின் ஷூவுக்கு இரண்டு சாண் தள்ளி, தலையில் உண்ணிப்பூவோடு வந்து நின்றார்.

புகழேந்தி குனிந்து பார்த்தார். "நீங்கதான் மனுதாரரா?"

"இல்ல சார்." சுப்பராயலு வாயிலிருந்து ஒரு இலையைத் துப்பினார். "நான் வூட்டுக்காரரு. மனுதாரரு கீழ நிக்கிறாங்க."

எழிலரசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கல்லத் தேடப் போனவரு குப்பையோட வந்துட்டாரே!"

"குப்பை மேல வந்துடுச்சி இல்ல?" கீழேயிருந்து அமுதத்தின் குரல் வந்தது. "இப்ப எட்டிப் பாருங்க தம்பி."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள்குவியல் இருந்த இடம் வழித்துவிட்டது மாதிரி வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. மரத்துக்கு ஓர் எட்டு தள்ளி இடது பக்கம், கறுத்துப்போய், முழங்கால் உயரத்தில், கல் நின்றது. அமுதம் அதன் தலையில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். பள்ளம் இருந்தது. அவள் கை அளவுக்கு, அதே வழவழப்போடு.

"இறங்குற எடம் வந்துடுச்சி, சார். டேப்ப எடுத்துக்கினு வாங்க!" என்று கத்தினாள்.

புகழேந்தி செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டைக்குக் கட்டை கால் வைத்து, பரதநாட்டியம் அரங்கேற்றுகிறவர் மாதிரி இறங்கினார். கல்லில் வெட்டியிருந்த நம்பரைச் சுரண்டிப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். தலையிலிருந்த பள்ளத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "அரசாங்கக் கல்லுல யாரும்மா இப்படித் தேச்சது?"

"எங்கப்பா. அவரு அருவா இந்த ஜில்லாவுலயே கூர்மை சார்" என்றாள் அமுதம். செங்கமலம் அதற்குள் தன் கொடுவாளை அதில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டாள்.

டேப் கல்லிலிருந்து மேலே ஏறியது. சரிவைத் தாண்டியது. கொல்லைக்குள் நுழைந்தது. எழிலரசனின் கம்பங்களைத் தாண்டியும் நிற்காமல், வரைபடத்தில் இருந்த நீளம் முடிகிற ரோட்டோரம் வரை போய் நின்றது. கம்பமும் சரிவும் அமுதத்தின் நிலத்துக்குள்ளேயே இருந்தன.

எழிலரசன் கூலிங் கிளாஸைக் கழற்றினார். சர்வேயரைப் பார்த்தார். பிறகு சரிவை, அதில் ஏறி வந்துகொண்டிருந்த அமுதத்தை.

"சொன்ன வார்த்தை சொன்னதுதாம்மா, புடுங்கிடறேன். ஆனா சிமெண்ட் ஊத்தி நட்டது, ஆளு கூட்டியாரணும், நாளாவும்."

"எதுக்குத் தம்பி ஆளு? டிராக்டரு ஸ்டார்ட்டுலதான் நிக்குது. மனசுக்குச் சம்மதமா?"

"இழுங்க" என்றார் அவர்.

முருங்கை மரத்தடியில் குப்புறப் படுத்து, இரண்டு பெண்களிடம் முள் எடுத்துக்கொண்டிருந்த சுப்பராயலு தலையைத் தூக்கினார். "ஏ அமுதம், விசிலக் குடு. அதெல்லாம் அனுபவம் வேணும். மொத மழைக்கு வெட்டிவேரு நடலாம், அதுக்கு முன்னால ஒரு அம்பது ஆடு மட்டும்..."

"ஆடுன்னு ஒரு வார்த்தை பேசுன, உன்னத்தான் கம்பத்துல கட்டுவேன்."

செங்கமலம் கயிற்றை முதல் கம்பத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு ஒதுங்கினாள். அமுதம் எல்லோரும் விலகியாயிற்றா என்று இடமும் வலமும் பார்த்தாள். தினமும் காபி டம்ளரோடு கேட்டுக்கேட்டுப் பழகிய சத்தம் அது. விசிலை உதட்டில் வைத்தாள்.

பீப் பீப்!

"ரைட்!" என்றார் பிரிட்டோ, திரும்பிப் பார்க்காமலே.