கொடுவா வயிற்றில் ஒரு ஸ்பார்க் பிளக்

“என்னைத்தான் திருடன்னு சொல்றாங்கண்ணா! உன்னை இல்ல, என்னை!”

“கத்தாதடா. கீழ டோரதி ஆன்ட்டி ஜெபம் பண்ணிக்கினு கீறாங்க.”

“பண்ணட்டும்! பிளக்கு நீ கட்டுனது. ‘நான்தான் கட்டுனேன், இவனுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு கமிட்டில ஒரு வார்த்தை சொன்னா உனக்கு இன்னா கொறஞ்சுடும்?”

“என் பேரை அடிச்சுடுவாங்க. உனக்கு வேற ஜோடி குடுத்துடுவாங்க.”

“ஆங்! அதானே உன் வயித்தெரிச்சல்!”

ஜெபம் அதற்கு முன்பே நின்றிருந்தது. வீட்டுக்கார டோரதி ஆன்ட்டி மாடிப்படியடியில் ஜெபமாலையும் கையுமாக நின்றார். நாங்கள் சிலர், தண்ணீர் வராத குழாயடியில் குடத்தோடு நின்றோம். மயிலாப்பூரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் எங்கள் சந்தில் தொண்ணூற்று நான்காம் வருடம் இதைவிட நல்ல பொழுதுபோக்கு எதுவும் இல்லை.

கத்தினவன் கிளிஃபர்ட். மாடிப் போர்ஷனில் இருந்த அண்ணன் லியோனார்ட். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகவில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் தூண்டில் போட்டிதான். ஜோடியாகச் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நுழைவுக் கட்டணம் என்று தூண்டில் கிளப்பில் அறிவித்தபோது, காசு மிச்சமாகுமே என்றுதான் தி. நகரில் கேமரா கடையில் வேலை பார்த்த கிளிஃபர்டைச் சேர்த்துக்கொண்டான். அப்புறம் அந்தப் பையன் வராத ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இட்லி இறங்காது. இரண்டு பேர் உட்கார ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்க வேண்டும் என்று தபாலாபீசில் சேர்ந்து பணம் போட்டார்கள்.

சிக்கனம் என்றால் அப்படியொரு சிக்கனம். இரைக்கு, நொச்சிக்குப்பத்தில் வியாபாரம் முடிந்தபின் மிஞ்சிய நசுங்கின எறா. தூண்டிலை முழுக வைக்கும் ஈயக் குண்டுக்குப் பதில், சைதாப்பேட்டை மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான் தூக்கிப் போடும் ஸ்பார்க் பிளக். குண்டை முள்ளிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கட்டுவார்கள். நம்மவர் தூண்டில் நரம்பு மிச்சம் என்று முள்ளை ஒட்டியே பிளக்கைக் கட்டினார், அதுவும் இற்றுப்போன பழைய நரம்புத் துண்டால்.

அடையாறு முகத்துவாரத்துப் போட்டியில் கிளிஃபர்டின் தூண்டிலில் ஒரு பெரிய கொடுவா மீன் மாட்டியது. கொடுவா எதையும் கடித்துத் தின்னாது, வாயைத் திறந்து அப்படியே உறிஞ்சும். இரையோடு பிளக்கையும் உறிஞ்சியதில் பழைய நரம்பு அறுந்தது. முள் வாயோரத்தில் நின்றது, பிளக் வயிற்றுக்குள் போனது. எடையில் முதல் பரிசு. ஆனால் முதல் பரிசு மீனின் வயிற்றைக் கீறிப் பார்ப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். எப்போதோ எவனோ மீனுக்கு ஈயம் ஊட்டி ஜெயித்தானாம். கீறினார்கள். கமிட்டியில் உட்கார்ந்திருந்த டீனாவின் அப்பா மேஜைமேல் பிளக்கை டங்கென்று வைத்தார். டீனாவைப் பெண் கேட்டு அடுத்த மாதம் கிளிஃபர்ட் வீட்டிலிருந்து போவதாக இருந்தது.

இதுதான் அந்தச் சண்டை.

மறுநாள் லியோனார்ட் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளப்புக்குப் போனான். அங்கே நடந்ததை அவனே ஆன்ட்டியிடம் சொன்னான். ஆன்ட்டியிடம் சொன்னால் சந்துக்குச் சொன்னமாதிரி.

“ஈயம் வாங்கற காசை மிச்சம் புடிச்சேன்னு சொன்னேன் ஆன்ட்டி. சிரிக்கிறாங்க. படிச்ச மனுஷன் அதுக்காகவா பழைய பிளக்கைக் கட்டுவான்னு கேக்கறாங்க.”

“யாருதான் நம்புவா? அப்புறம்?”

“எடைக்காகத்தான் நானே உள்ள தள்ளுனேன், பையனுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“பைத்தியமாடா நீ?”

“அதை உடனே நம்பிட்டாங்க.”

ஆன்ட்டி அன்றைக்கு அவனுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். அதற்குமேல் அவரிடமும் வழியில்லை.

கிளப்பில் லியோனார்ட் பேரை அடித்தார்கள், கிளிஃபர்டுக்குப் புது ஜோடி கிடைத்தது. வந்து நன்றி சொல்வான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஒருநாள் வந்தான், தபாலாபீஸ் பணத்தைப் பிரிக்கக் கையெழுத்து வாங்கினான், காபி வேண்டாம் என்றான். கிளப்பில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அதனாலேயே அவனால் உட்கார முடியவில்லை போலிருக்கிறது. லியோனார்ட் வாசல்வரை வந்து, “பார்த்துப் போடா, சைக்கிள் லைட் எரியல” என்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான் பையன்.

அடுத்த போட்டியன்று காற்று வாங்க எலியட்ஸ் பீச் போன நான், சும்மாதான், முகத்துவாரம்வரை நடந்தேன். அந்தக் கரையில் விசில், மைக், கூட்டம். இந்தக் கரையில் லியோனார்ட், தூண்டில்கூட இல்லாமல், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே யாரோ ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்கள். இவன் கையை உயர்த்தி ஆட்டினான். அவ்வளவு தூரத்துக்கு யாருக்குத் தெரியப்போகிறது?

“உன் பங்குப் பணம் இருக்கே, படகு எப்போடா?” என்று ஆன்ட்டி ஒருமுறை கேட்டார்.

“தனியா உக்கார எதுக்கு ஆன்ட்டி அத்தினி பெரிசு?” என்றான்.

தொண்ணூற்றாறில் கிளிஃபர்டுக்கும் டீனாவுக்கும் கல்யாணம். லியோனார்டுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. போனானா என்று எவ்வளவு விசாரித்தும் எனக்குத் தெரியவில்லை. பிரியாணிப் பந்தியில் அவனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மறுவருடம் அவர்கள் மெல்போர்னுக்குப் போய்விட்டார்கள். லியோனார்ட் சைதாப்பேட்டையில் ஹபீபுர் ரஹ்மான் ஷெட்டுக்கு மேலே ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போனான், வாடகை குறைச்சலாம். அவன் போர்ஷனுக்கு நிரஞ்சன் என்று ஒரு கம்ப்யூட்டர் ஆசாமி குடிவந்திருக்கிறார். மீன் வாடையே ஆகாதாம் அவருக்கு.