தண்ணியை விட்டவர்

குழாய்க்காரர் குடியை விட்ட மறுநாள் காலை அவர் வீட்டுக் குழாய்களில் சாராயம் வந்தது. சமையலறை, குளியலறை, பின்பக்கம் அவர் மனைவி ஊர்த்துணி துவைக்கும் தொட்டி, எல்லாவற்றிலும் ஒரே சரக்கு. பக்கத்து வீடுகளில் வழக்கம்போலத் தண்ணீர்தான், கொஞ்சம் துருவோடு. தப்பு அவர் வாயில் இருந்தது. முந்தின நாள் மனைவி, மகள், மச்சான் எல்லோர் முன்னாலும் நெஞ்சைத் தட்டி, "தண்ணியை விட்டுட்டேன்" என்றார். அந்தத் தெருவுக்கே குழாய் போட்டவர் அவர். வேலை முடிந்து வால்வைத் திறக்கும்போதெல்லாம் அதே சொல்லைத்தான் கத்துவார், தண்ணி வரும். இந்த முறை எந்தத் தண்ணி என்று அவர் சொல்லவில்லை. வேலைக்கு வெளியே பல வருஷமாக அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், குழாய்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. இன்னும் ஒரு வாய் குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். யாருடைய பேண்ட்டையோ மடித்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

தெரு வாளியோடு வந்தது. புத்தி சொல்லியே அவர் உயிரை எடுத்தவர்கள்தான் வரிசையில் முன்னால் நின்றார்கள், வெட்கம் கெட்ட ஜென்மங்கள். நல்ல தண்ணீர் கேட்டுப் போன மனைவியிடம், வாளிக்கு வாளி மாற்றிக்கொள்ளலாமா என்று எதிர்வீட்டம்மா கேட்டாள். முதல் நாள் விடிகாலையில், ஜலதோஷத்தில் வாடை தெரியாமல் மனைவி ஊறப்போட்ட துணிகள் தனிக் கூத்து. அதில் துவைத்த சட்டையோடு வீடு திரும்பிய தலைமையாசிரியரை, வாழ்நாளில் சொட்டுத் தொடாத மனிதரை, அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவைத்தாள். சலவைக்கு வருவது நின்றுபோனது.

மச்சான் குழாயை வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தில் சுவர் கசிந்தது, அதே வாடையோடு. டாக்டர் மாத்திரை கொடுத்தார், கைநடுக்கம் நின்றது, அது பெரிய உதவிதான்; குழாய்க்கு மாத்திரை இல்லை. வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டம் ஒன்றுக்குப் போய்த்தான் தெருவில் முடிவெட்டுபவர் குடியிலிருந்து கரையேறியிருந்தார். குழாய்க்காரரும் போய் அழுதுவிட்டு வந்தார், வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கோபப்படாதே, சாந்தமாக இரு, இதை மட்டும் ஊரே சொன்னது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சாந்தமாக இருந்தார். அப்படிச் சாந்தமாக இருந்த ஒரு மத்தியானம் டம்ளரை எடுத்துக் குழாயடியில் பிடித்தார். அது நிறைவதை, பள்ளியிலிருந்து வந்த மகள் பார்த்தாள். பையிலிருந்த புத்தகங்களைத் தரையில் கொட்டிவிட்டுத் தன் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் மனைவிமேலும் தட்டுமேலும் வேலை கொடுத்தவர்கள்மேலும் காட்டிய கோபத்தில் ஒரு துளிகூட இதன்மேல் காட்டவில்லையே என்று உறைத்தது. டம்ளரைக் கவிழ்த்தார். குழாயை முழுசாகத் திறந்தார்.

"என் வீட்டுக்குள்ளயே வந்து எனக்கே ஊத்திக் குடுக்கறியா? ஓடு. எவ்வளவு இருக்கோ அவ்வளவும் ஓடு. நான் குடிக்க மாட்டேன்."

புதுக்குழாயில் அழுக்கு வந்தால் அவர் செய்வதும் அதுதான், திறந்துவிட்டுத் தெளியும்வரை பக்கத்தில் நிற்பது. வாளியோடு வந்தவர்களையும் சேர்த்துத் திட்டி விரட்டினார். சத்தம் கேட்டு வந்த மனைவி கூடையைப் போட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டாள். அவளிடம் சேர்த்துவைத்த வசவு அதிகம், பாதி அவருக்கானது, அதையும் வாங்கிக்கொண்டார். இருட்டும் நேரத்தில் வாடை மாறியது. அவள் முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்து, "தண்ணிதான்" என்றாள். கோபம் தணியாமலே மகளிடம் புத்தகங்களை எடுத்து அடுக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை மறுபடி சாராயம். மறுபடி திறந்துவிட்டார், திட்டினார், நின்றார். முதலில் அரைநாள் ஓடியது, பிறகு ஒரு மணி நேரம், சில வருஷங்களில் ஒரு டம்ளர் அளவு. அதற்குக் கீழே குறையவே இல்லை. அவரும் ஒரு நாளும் திட்டாமல் விட்டதில்லை. சலவைக்குத் துணிகள் திரும்பி வந்தன.

மகளுக்குக் கல்யாணமாகி, மருமகன் முதல்முறை தங்கிய காலை, தாகத்தோடு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல வர்றது அப்பாவோடது," என்றாள். "கொட்டிட்டுப் பிடிங்க."

அவன் கொட்டிவிட்டுப் பிடித்தான். குழாய்க்காரர் பல்லைக்கூட விளக்காமல் வந்து, இன்றைக்குத் தனக்கு முன்னால் யார் கொட்டியது என்று சத்தம் போட்டார்.