கறுப்பெல்லாம் பள்ளம்

மெஷின்காரர் வாயைத் திறந்தால் மெஷின் புராணம்தான். கிளையைக் குறுக்கே அறுத்து, ஓரப் பட்டையை உரிக்காமல் காயவைத்த வட்டத் துண்டை மேடையில் இறுக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கொடுத்தால் போதும். சுழல்கிற பிட் என்கிற உளிமுனை தானே இறங்கி, போவதும் வருவதுமாகப் படத்தை மரத்தில் செதுக்கிவிடும். கல்யாண ஜோடி, கடைப் பெயர், நாய்க்குட்டி, எது கேட்டாலும் செய்து தருவார். "படத்துல வெளுப்பா இருக்குற இடத்தை மேடா விட்டுடும், கறுப்பா இருக்குற இடத்தைத் தோண்டிடும். அவ்வளவுதான் சூட்சுமம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார். அந்தச் சூட்சுமம்தான் தன் தலையில் கல்லைப் போடப்போகிறது என்று மனுஷனுக்கு அப்போது தெரியவில்லை.

அவர் மனைவிக்குக் கண் தெரியாது. சர்க்கரை வியாதி பார்வையைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிட்டது. ஒரே மகன். நடக்கத் தொடங்கியபோதே இடுப்பில் கைவைத்துக்கொண்டு வீட்டை மேற்பார்வை பார்த்ததால் அவனுக்கு ஆபீசர் என்று பெயர். வளர்ந்த பிறகும், வேலை முடிந்து வந்ததும் அம்மா முன்னால் மண்டிபோட்டு, "ஆபீசர் ஆஜர்" என்று முகத்தை நீட்டுவான். அவள் நெற்றியிலிருந்து மோவாய் வரை தடவிப் பார்த்து, "இன்னைக்கும் ஷேவ் பண்ணலையா, சோம்பேறி" என்பாள். இடது கன்னத்தில் மிளகு அளவு துருத்திக்கொண்டிருந்த மச்சத்தைக் கடைசியாக ஒரு சுண்டு சுண்டிவிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு லாரி எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

அதன் பிறகும் சாயங்காலமானால் அவள் கை காற்றில் எழும். நெற்றி, மூக்கு, மோவாய் என்று இல்லாத முகத்தை நிதானமாகத் தடவும். கடைசியில் விரல் ஒரு சுண்டு சுண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கும். வெறுங்காற்றையா இவள் தடவிக்கொண்டிருப்பது, நான் எதற்கு இருக்கிறேன் என்று ரோஷம் வந்தது. இருப்பதிலேயே அகலமான, வெடிப்பில்லாத துண்டை எடுத்தார். மகன் பல் தெரியச் சிரிக்கும் போட்டோவைக் கொடுத்தார். பகல் முழுக்க மெஷின் ஓடியது. பார்த்தவர்கள், "அவனே வந்து நிக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றார்கள். அவரும் பார்த்துப் பார்த்து அழுதார்.

மடியில் வைத்தபோது அவள் ஆசையாகத்தான் தொட்டாள். விரல்கள் இறங்கின, நின்றன, மறுபடி மேலே போயின.

"யாருங்க இது?"

"என்னடி இப்படிக் கேக்குற? நம்ம ஆபீசர்."

"கண்ணு ரெண்டும் குழியா இருக்கு. முடி இருக்குற இடமெல்லாம் பள்ளம். பல்லு மட்டும் முட்டிக்கிட்டு நிக்குது." விரல் இடது கன்னத்துக்கு நகர்ந்தது. "மச்சத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்களே."

அவருக்கு உயிரே போய்விட்டது. கண்ணுக்குக் காட்டியே பிழைத்தவர், கைக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சரிபண்ணித் தருகிறேன் என்று சத்தியம் செய்தார். கம்ப்யூட்டரில் மச்சத்தை வெளுப்பாக்கினார், பல்லைக் கறுப்பாக்கினார். ஆனால் மூக்கு எவ்வளவு எடுப்பு, கன்னம் எங்கே சரிந்தது? போட்டோவில் அது இல்லை. அவருக்கும் தெரியவில்லை; வளர்ந்த மகனின் முகத்தை அவர் தொட்டதே கிடையாது. ஒவ்வொரு துண்டாகச் செதுக்கி நீட்டி, "இப்போ? இந்த மூக்கு சரியா?" என்று அவளையே கேட்டார். அவளும் அலுக்காமல் தடவித் தடவிச் சொன்னாள். கட்டிலடியில் துண்டுகள் சேர்ந்தன.

ஒரு சாயங்காலம் அவள் கை பாதியில் நின்றது.

"போதுங்க. எனக்கே தெரியல."

"என்ன தெரியல?"

"அவன் மூஞ்சி. முன்னாடியெல்லாம் கையைத் தூக்கினா தானா வந்துரும். இப்போ நீங்க மொதல்ல மடியில வெச்ச மரந்தான் வருது. எவ்வளவு தேடினாலும் அவன் வரமாட்டேங்குறான்."

இருந்த ஒன்றையும் நானே அழித்துவிட்டேனா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மகனைப்போலவே அவள் முன்னால் மண்டிபோட்டார்.

"அவன் என்னை உரிச்சு வெச்சிருக்கான்னு எல்லாரும் சொல்வாங்களே. இதைத் தொட்டுப் பாரு. ஒருவேளை வருவான்."

அவள் தொட்டாள். நெற்றி, மூக்கு, மோவாய் என்று விரல் இறங்கியது. அவர் காத்திருந்தார். கடைசியில் அது இடது கன்னத்துக்கு வந்தது. சுண்டவில்லை. அங்கே ஒரு பள்ளத்தைத் தேடி அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.