எல்லாருக்கும் சொல்லும்போது

மருதம்மாள் கரண்டிப் பாலைக் கணவர் அய்யாவுவின் உதட்டில் விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. துணியால் துடைத்தபடி மகளைப் பார்த்தாள்.

"மனசுல ஒண்ண வச்சிக்கிட்டுதான் உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒனக்குத் தெரியும்ல? சொல்லிடு ஷாமளா."

அய்யாவு மனத்தில் வைத்திருந்தது என்னவென்று பாக்கார் ஆராங்கில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும். கரங்கான் பக்கம் அவர் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் கைமாறிப் பல காலமாகிறது. தோட்டத்துப் பழைய லயக் குடியிருப்பிலேயே ஒண்டிக்கிடக்கும் குடும்பங்களுக்குச் சொந்த வீடு வேண்டும். மகன் வீட்டோடு வந்த பிறகும் அதற்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. மறுநாள், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாடாளுமன்றத்தில் பட்ஜெட்.

ஷாமளாவுக்கு நாடாளுமன்றச் செயலகத்தில் வேலை. உறுப்பினர்களின் மேசைக்குப் போகும் பட்ஜெட் ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவு. தாக்கல் ஆகும்வரை வாயைத் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். திறந்தால் வேலை போகும், வழக்கும் வரும். கரங்கான் வீடுகள் அந்த ஆவணத்தில் இருந்தன. கெட்ட செய்தியாக இருந்தால் மறைப்பது சுலபம். நல்ல செய்தி தொண்டையில் நின்றுகொண்டு அவளைப் பாடாய்ப் படுத்தியது.

"சாகப்போற மனுசன் யாருகிட்ட லா போய்ச் சொல்லப் போறாரு?" என்றான் கால்மாட்டில் நின்ற அண்ணன் யோகேஸ்வரன். நிலம், வீடு வாங்கி விற்கும் ஏஜெண்ட் அவன். அப்பாவுக்காகத்தான் கேட்டான். ஆனாலும் அவன் காதும் அங்கேதான் இருந்தது.

சொல்லிவிடுவது என்றுதான் குனிந்தாள். அவருக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். அதன் அருகே வாய் போனதும் அய்யாவு கண்ணைத் திறந்தார்.

"வேணாம்மா." குரல் வெறும் காற்றாக வந்தது. "ஒங்கண்ணனுக்குக் காது நீளம்."

"இப்பவும் நக்கலப் பாரு," என்று யோகேஸ்வரன் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"நம்ம சனம் அங்க காத்துக்கிட்டு இருக்கு. எல்லாருக்கும் சொல்றப்ப எனக்கும் சொல்லு."

"சரிப்பா. நாளைக்குச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

மருதம்மாள் அதன்பின் மகளோடு பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "தெரிஞ்சிக்காமலேயே போயிட்டாரு" என்று மட்டும் சொல்லி அழுதாள். ஷாமளாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பா மேலும்தான். சாகிற நேரத்திலும் இந்த மனிதருக்கு என்ன நியாயம் வேண்டிக்கிடக்கிறது?

மூன்று மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும், நாலரைக்கு மேல்தான் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கரங்கானிலிருந்து வேனில் வந்தவர்கள் பந்தலின்கீழ் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. லயத்து இராசாத்தி அக்காகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியாச்சும் குடிச்சியா புள்ள?" என்றாள், அவ்வளவுதான். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வாய்க்கரிசிக்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது யோகேஸ்வரன் கைபேசியோடு அவளிடம் வந்தான்.

"பட்ஜெட்ட டேபள் பண்ணிட்டாங்க லா. இப்ப சொல்லலாம்ல?"

தலையாட்டினாள். என்னவென்று அவன் கேட்கவில்லை.

"அப்பாகிட்ட போய்ச் சொல்லு."

அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு சவப்பெட்டியருகே போனாள். பந்தலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"அப்பா... கரங்கான் வீடுங்க வந்துருச்சுப்பா. எல்லாருக்கும் வந்துருச்சு."

வரிசை அப்படியே நின்றது. இராசாத்தி அக்கா கையிலிருந்த அரிசியைப் போட மறந்து அய்யாவுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளக்காரர் கையைத் தூக்கி மற்றவர்களை நிறுத்தினார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மருதம்மாள் நிமிர்ந்தாள்.

"அந்தப் பக்கம் சொன்னா அவருக்கு எங்க கேக்கும்? இப்படி வந்து சொல்லு."

ஷாமளா பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் மருதம்மாள் அவர் வலது காதை மூடியிருந்த மாலையை விலக்கிப் பிடித்திருந்தாள்.