மெய்ஸி லக்கம் திரும்பி வராத காரணம்

தேவாலய வாசலில் வில்ஃப் காரைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றார்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. உள்ள ஒரு எட்டு வாங்களேன்ப்பா" என்று மகள் ஹெஸ்டர் கெஞ்சிப் பார்த்தாள்.

"என்னை விட்டுட்டு ஓடினவளைத் தேடி நான் எதுக்குக் கோயில் படி ஏறணும்? நீ போ. அந்த டீ பிளாஸ்க்கை வச்சுட்டுப் போ."

நாலு வயதில் அவரை இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் ஓர் அநாதை விடுதியில் சேர்த்து, "சீக்கிரம் வந்துடுறேன்" என்று சொல்லிப் போனவள் அவருடைய தாய் மெய்ஸி லக்கம். வரவேயில்லை. எங்கோ கல்யாணம் செய்துகொண்டு, வேறு பிள்ளைகள் பெற்றுச் சுகமாக இருந்திருப்பாள் என்று எண்பத்தேழு வயது வரை நம்பி, அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தார். வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கக் கூடாது.

அவருடைய பிறப்புச் சான்றிதழில் நெதர்கூம் என்ற இந்தக் கிராமத்தின் பெயர் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் ஹெஸ்டர் வந்திருந்தாள்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் திருமதி குவான்ஸ் பதிவேடுகளை எடுத்து வைத்தார். கல்யாணப் பதிவில் மெய்ஸி இல்லை.

"அடக்கப் பதிவையும் பாத்துடலாமா? சின்ன ஊரும்மா. ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாடி ஆரம்பிச்ச புஸ்தகமே இன்னும் முடியல."

பக்கங்களைப் புரட்டிய குவான்ஸின் விரல் ஓரிடத்தில் நின்றது. மெய்ஸி லக்கம். வயது இருபத்திரண்டு. நவம்பர் 1940.

வில்ஃபை விடுதியில் விட்டது அதே ஆண்டு செப்டம்பரில்.

ஓரத்தில் பாதிரியாரின் பொடி எழுத்து: 'அவளுடன், ஒரு நாள் வயதான அவள் ஆண் குழந்தை. ஞானஸ்நானம் பெறவில்லை.'

"பிரசவத்துல போயிருக்கா, பாவம்" என்றார் குவான்ஸ் மெதுவாக. "பேரு வைக்காத பிள்ளைன்னா புஸ்தகத்துல தனி வரி கிடையாது."

ஹெஸ்டர் காருக்குத் திரும்பி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். வில்ஃப் கண்ணாடியில் வழியும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வயசு அவளுக்கு?"

"இருபத்திரண்டுப்பா."

"நம்ம ரோவெனாவை விடச் சின்னவ." ரோவெனா அவருடைய பேத்தி. "நான் கிழவியா நினைச்சில்ல திட்டிக்கிட்டிருந்தேன்…"

பிறகு அவராகவே கதவைத் திறந்தார். குவான்ஸ் குடை பிடித்துக் கூட்டிப் போனார். வடக்குச் சுவரோரம் வெறும் புல். கல்லும் இல்லை, அடையாளமும் இல்லை.

"இந்த வரிசையிலதான் ஐயா எங்கேயோ. சரியா எந்த இடம்னு எங்களுக்கும் தெரியாது."

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். எந்த இடத்தைப் பார்த்து நிற்பது என்று தெரியாமல் இங்கும் அங்கும் திரும்பினார். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது ஹெஸ்டர் பார்த்ததில்லை. அவரைத் தொடலாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தொப்பியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ஒரு கல்லு வைக்கலாம்ப்பா" என்றாள், வீட்டுக்குத் திரும்பும் வழியில். "ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"தம்பி பேருக்கு என்ன போடுவே?"

"ஏர்னஸ்ட்?" என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார் வில்ஃப். தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. அவ என்ன நினைச்சு வச்சிருந்தாளோ."